ஒரு வார்த்தையில் போன நீதி!

உலகத்துக்கே மனித உரிமைப் பாடம் நடத்துகிற நாடு அமெரிக்கா. அங்கே ஒரு மனிதருக்கு நேர்ந்ததைப் பாருங்கள்.

அவர் மெக்ஸிகோக்காரர். 1990ல் அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர். குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கில் முன்பே தண்டிக்கப்பட்டிருந்தார். குடி ஹராம், அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்தக் குற்றத்தை நாடு கடத்தத்தக்க கொடுங்குற்றம் எனக் கூறி, 1998ல் அவரை வெளியேற்ற உத்தரவிட்டார்கள். மேல்முறையீடு வேண்டாம் என்று அவர் விட்டுக்கொடுத்தார். மறுநாளே எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார்.

2004ல் வேறொரு வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், இத்தகைய குற்றம் அந்தப் பட்டியலில் சேராது என்று தீர்ப்பளித்தது. அதாவது, இவரை வெளியேற்றியதே தவறு!

2017ல் அவர் மீண்டும் அமெரிக்காவில் இருப்பது தெரிந்தது. நாடு கடத்தப்பட்டவர் அனுமதியின்றித் திரும்பினார் எனக் கிரிமினல் வழக்குப் பாய்ந்தது. இக்குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறை. முன்பு கொடுங்குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் என்றால் 20 ஆண்டு வரை!

"அந்த உத்தரவே செல்லாது" என்று அவர் வாதாடினார். கீழ் நீதிமன்றங்கள் ஏற்றன. ஆனால் 2021ல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து மறுத்தார்கள். ஏன்? பழைய உத்தரவைத் தாக்க 1996ன் சட்டம் மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறது: அன்றே மேல்முறையீட்டு வழிகளை முயன்றிருக்க வேண்டும், நீதிமன்றத்தை அணுகும் வாய்ப்பு மறுக்கப்பட்டிருக்க வேண்டும், உத்தரவு அடிப்படையிலேயே அநீதியாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். உத்தரவு தவறு என்பது மட்டும் போதாதாம்!

சட்டம் அறியாத ஒருவர், தன்னை வெளியேற்றும் நீதிபதியின் வார்த்தையை நம்பியது குற்றமா? இருதரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்காதே என்று அலீ (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய மார்க்கம் நம்முடையது. தவறென்று தெரிந்த உத்தரவின் மேல் சிறைத் தண்டனையைக் கட்டுவதை நம்மால் நீதி என்று ஏற்க முடியாது.

ஆனாலும் சகோதரர்களே, கோபப்படுவதோடு நின்றுவிடக் கூடாது. அமெரிக்காவின் கூட்டாட்சி (ஃபெடரல்) நீதிமன்றங்களில் கிரிமினல் தண்டனையை எதிர்த்து மேல்முறையீட்டு அறிவிப்புத் தர 14 நாட்கள்தான். மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் செய்தவர் கேட்டாலும் வழக்கறிஞர் அந்த அறிவிப்பைத் தாக்கல் செய்தாக வேண்டும் என்று 2019ல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேட்பவருக்குத்தான் அந்த உரிமை!

பிழைப்புக்காகவும் வியாபாரத்துக்காகவும் கடல் கடக்கும் சமுதாயம் நாம். எந்த நாட்டுக்குப் போனாலும், புரியாத மொழியில் நீட்டப்படும் தாளில் கையெழுத்திடாதீர்கள். "மொழிபெயர்ப்பாளர் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், மேல்முறையீடு செய்ய வேண்டும்" என்று கேளுங்கள். முதல் நாளில் பேசாத வாய்க்கு, பின்னர் பேச இடம் கிடைப்பதில்லை.