விழிப்புணர்வு யாருக்கு இல்லை?

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள கொதிச்சிட்டு இருக்கிற விஷயம். இன்னிக்கு கொட்டிடறேன். சூடா இருந்தா பொறுத்துக்கோங்க மக்களே.

நான் ஜெர்மனியில பொட்டி தட்டுறவன். வந்து மூணு வருஷம் ஆச்சு. ஏழு மாசம் முன்னாடி பொண்ணு பொறந்தா. இங்க குழந்தையைப் பதியணும்னா அப்பா அம்மாவோட பிறப்புச் சான்றிதழும் கல்யாணச் சான்றிதழும் கேப்பாங்க. கல்யாணத்தைப் பதிஞ்சாச்சு. மனைவி கள்ளக்குறிச்சி டவுன் ஆஸ்பத்திரியில பொறந்தவ, அவ சான்றிதழ் பீரோவுல ரெடியா இருந்துச்சு. மாட்டினது நான்தான்.

நான் பொறந்தது கல்வராயன் மலையில, வெள்ளிமலைக்கும் உள்ள தள்ளி ஒரு ஊர்ல, வீட்டுல. தேதி கேட்டா அம்மா சொல்றது: "சாமை அறுத்துட்டு இருந்தோம் சாமி, விடாத மழை." பள்ளிக்கூடத்துல சேர்த்தப்போ வாத்தியார் ஒரு ஜூன் தேதியைப் போட்டார். எங்க கிளாஸ்ல பாதி பேருக்கு ஜூன்லதான் பொறந்தநாள் :-) ஜூன்ல எவன் சாமை அறுக்கறான்னு யாரும் கேக்கலை. பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பர்ல விதியைத் தளர்த்தினதால, டிசியை வச்சே வாங்கிட்டேன்.

இங்க டிசி செல்லாது. முழுச் சான்றிதழுக்குப் பதிலா, அப்பாவோட விவரம் நிரூபிக்கப்படலைன்னு குறிப்பு போட்டு ஒரு பதிவு நகல் கொடுத்தாங்க. அதை எடுத்துகிட்டு அடுத்த கவுன்டருக்குப் போனா, முழுசா கொண்டு வாங்கன்னாங்க. வெளிநாட்டுல பொறந்த குழந்தையை ஒரு வருஷத்துக்குள்ள நம்ம தூதரகத்துல பதியணும். தாண்டினா மத்திய அரசோட அனுமதி வேணும். நான் இங்க அஞ்சு வருஷம் முடிக்காததால ஜெர்மன் குடியுரிமையும் கிடையாது. பாஸ்போர்ட் இல்லாத குழந்தையை எப்படி ஊருக்குக் கூட்டிட்டுப் போறது? இன்னும் அஞ்சு மாசம்தான் இருக்கு.

இதைச் சொன்னப்போ ஒரு நண்பர் சொன்னார்: "உங்க மலை ஜனங்களுக்கு விழிப்புணர்வு பத்தலைப்பா."

அப்படியா? பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் வந்தது 1969-ல. அப்போ எங்க மலையில ஜாகிர்தார் ஆட்சி. அது ஒழிஞ்சது 1976-ல. நான் பொறந்தப்போ கலெக்டரைப் பார்க்கணும்னா விழுப்புரம் போகணும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதே 2019-லதான்.

அந்தச் சட்டத்தையும் படிச்சேன். வீட்டுல பொறந்தா குடும்பத் தலைவர் தகவல் சொல்லணும்னு 8-வது பிரிவு. இதைத்தான் எல்லாரும் காட்டுவாங்க. 7-வது பிரிவைப் பாருங்க. தன் எல்லைக்குள்ள நடக்கிற ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிவாளரே கவனமா விசாரிச்சுத் தெரிஞ்சுக்கணுமாம்! எந்தப் பதிவாளர் எங்க ஊருக்கு ஏறி வந்து விசாரிச்சார்? வராதவருக்கு ஒண்ணுமில்லை. இருபத்தி சொச்சம் வருஷம் கழிச்சு பதிவில்லைன்னு ஒரு சான்று, தாமதக் கட்டணம், கோட்டாட்சியர் உத்தரவுன்னு அலையறது எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா. ஒவ்வொரு தடவையும் மலை இறங்கி வந்து, "ஐயா இல்லை, அடுத்த வாரம் வாங்க"ன்னு கேட்டுட்டு மறுபடி ஏறுது.

நானாவது சம்பளம் வாங்கறேன், போன் போட்டுக் கேக்கறேன். மிளகு பறிக்கக் கேரளாவுக்கும், காப்பித் தோட்டத்துக்குக் குடகுக்கும் போறவங்க? குழந்தை எங்க பொறந்துச்சோ அங்கதான் பதியணும். வேலை முடிஞ்சு ஊர் திரும்பினவங்க அந்த ஆபீஸைத் தேடிப் போவாங்களா? 2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பொறந்த குழந்தைக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒண்ணுதான் ஆதாரம். என்னைக் காப்பாத்தின டிசி அதுங்களைக் காப்பாத்தாது.

இப்போ ஆஸ்பத்திரிப் பிரசவம் கூடியிருக்கு, பதிவும் நடக்குது. மறுக்கலை. விட்டுப்போனவங்களுக்கு என்ன வழி? தேர்தல்னா ஓட்டு மெஷின் மலையேறி வருதே! அதே மாதிரி கோட்டாட்சியரும் விஏஓவும் வெள்ளிமலையில முகாம் போடட்டும். பள்ளிப் பதிவு, ரேஷன் கார்டு, ஊர்ப் பெரியவங்க சாட்சி, எதை வேணா பார்க்கட்டும். கட்டணம் வாங்காம அங்கேயே உத்தரவு கொடுக்கட்டும். இது சலுகை இல்லைங்க. 1969-லேர்ந்து பாக்கி நிக்கிற வேலை.

நேத்து வீடியோ கால்ல அம்மா பேத்தியைப் பார்த்துட்டே இருந்துச்சு. அப்புறம் கேட்டுச்சு: "ஏஞ் சாமி, உன்னைப் பெத்தவ நானே சொல்றேன். அது பத்தாதா அவங்களுக்கு?"

பத்தாதும்மா.