பாலர் கல்வியும் பட்டுப்புழுவும்

பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன நமது ஆரணியில், தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளரும் குழந்தைகள், பாவையும் ஊடையையும் பார்த்த மாத்திரத்தில் இனம் சொல்லக்கூடியவர்களாயினும், அவ்விழையைத் தந்த ஜீவன் முசுக்கொட்டை இலையைத் தின்று, நான்கு முறை தோலுரித்து, தலையை அசைத்தசைத்துத் தன்னைச் சுற்றி ஒரே நூலால் கூடு கட்டும் அற்புதத்தைப் பிரத்தியட்சமாகக் கண்டவர் அவர்களுள் அரியர் என்பது நமக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. பசுவும் எருதும்கூடப் பலருக்குப் புத்தகச் சித்திரங்களே. கன்றின் நாக்கு உள்ளங்கையில் சொரசொரப்பதை எந்தச் சித்திரம் சொல்லும்? 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே பாடத்தின் நடுவில் வைத்தது. கமண்டல நாகநதிக் கரையில் வயலும் தொழுவமும் கூப்பிடு தூரத்தில் இருக்கையில், உபாத்தியாயர்கள் மாதம் ஒருநாளேனும் பாலர்களை அங்கே அழைத்துச் செல்லவேண்டுமென்று வேண்டிக்கொள்கிறோம்.