பட்டாளத்துக் கதையைச் சேரியிலிருந்தும் எழுத வேண்டும்

பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்துவிட்டு நாயக் பதவியோடு ஊர் திரும்பியவன் நான். ஊர் என்று சொல்வது வாய்ப்பழக்கம், திரும்பியது சேரிக்கு. ஓராண்டாக ஒரு கதை எழுத முயன்று முதல் அத்தியாயத்திலேயே நிற்கிறேன். தோழர்களிடம் உதவி கேட்கத்தான் இந்தக் கட்டுரை. அந்தக் கதை ஏன் எழுதப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'ராணுவத்தில் சாதி இல்லை' என்பது மேடைதோறும் கேட்கிற வசனம். ஆனால் ராஜ்புத், ஜாட் என்று சாதிப் பெயர்களிலேயே படைப்பிரிவுகள் இன்றும் இருக்கின்றன. குடியரசுத் தலைவரின் மெய்க்காப்புப் படைக்கு இந்து ராஜ்புத், இந்து ஜாட், ஜாட் சீக்கியர் ஆகியோரை மட்டுமே எடுப்பதாக 2013இல் உச்ச நீதிமன்றத்தில் ராணுவமே ஒப்புக்கொண்டது. படைவீரர் சேர்ப்பில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடும் கிடையாது.

இவ்வளவும் உண்மை. ஆனால் இன்னொரு உண்மையையும் சொல்லாவிட்டால் நான் பொய்யனாவேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு ஆதிக்க சாதிக்காரன் என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டது பட்டாளத்தில்தான்.

அவன் எங்கள் பக்கத்து ஊர்க்காரன். வெலிங்டனில் ஒன்றாகப் பயிற்சி பெற்றோம். பனிக்காலத்தில் காஷ்மீரில் ஒரே பதுங்கு குழியில் கிடந்தோம். ஒரு பீடியை மாற்றி மாற்றிக் குடித்தோம். என்னை 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவான். முதல் முறை இருவரும் சேர்ந்து விடுப்பில் வந்தோம். மூன்று நாள் ரயில் பயணம் முழுக்க 'மாப்ள'தான். எங்கள் பக்கத்துப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நீ அடுத்த பஸ்ல வா."

நான் அடுத்த பஸ்ஸில்தான் போனேன்.

விடுப்பு முடிந்து முகாமுக்குத் திரும்பியதும் மறுபடி 'மாப்ள' ஆனேன். இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. இன்று இருவரும் ஓய்வுபெற்றுவிட்டோம். ஊரில் அவன் 'மிலிட்டரி ஐயா'. என்னைச் சின்னப் பையன்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். இருட்டிய பிறகு ஊர்த்தெருவிலிருந்து சிலர் என் வீட்டுப் பின்பக்கம் வருவார்கள், கேன்டீன் ரம் கேட்டு. பாட்டிலுக்குத் தீட்டில்லை, என் வீட்டுத் தண்ணீருக்குத்தான் தீட்டு.

இதைத் தன்வரலாறாக எழுதலாமே என்று ஒரு தோழர் கேட்டார். எழுதினால் யார் யார் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். ஊர்க்காரர்களின் காட்டில் கூலி வேலைக்குப் போகிற என் அண்ணிதான் அதற்கு விலை கொடுப்பார். அதனால்தான் கதை.

படையிலிருந்து வந்து எழுத உட்காருவது நமக்குப் புதிதல்ல. கோபால் பாபா வலங்கர் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற மகர். 1888இல் தீண்டாமையை எதிர்த்து மராத்தியில் இதழ் தொடங்கினார். மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேய அரசு நிறுத்தியபோது அதை எதிர்த்து மனு எழுதியவரும் அவரே. அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பாலும் படையில் சுபேதாராக இருந்தவர்; அண்ணல் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில்தான். சீருடை நமக்குச் சம்பளத்தோடு எழுத்தையும் தந்திருக்கிறது. சினிமாவிலோ, பட்டாளத்துக்காரன் என்றால் மீசையும் துப்பாக்கியும் தேசபக்தியும்தான். அவன் விடுப்பில் எந்தத் தெருவுக்குப் போகிறான் என்று யாரும் காட்டுவதில்லை.

இனி என் சிக்கல்கள். முதலாவது மொழி. பதினேழு ஆண்டுகள் அறிக்கை எழுதிய கை இது. '0530 மணிக்குப் புறப்பட்டோம். 0815 மணிக்கு நிலையை அடைந்தோம். இழப்பு இல்லை' என்றுதான் வருகிறது. அந்தப் பேருந்து நிலையத்தையும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே இழப்பு இருந்தது.

இரண்டாவது, அவன். அவனை வில்லனாக எழுதக் கை ஓடவில்லை. ஒருமுறை காய்ச்சலில் கிடந்த என்னை முதுகில் சுமந்துகொண்டு கீழே இறங்கியவன் அவன். நல்லவனாக எழுதவும் மனம் ஒப்பவில்லை. 'அடுத்த பஸ்ல வா' என்று சொன்ன நொடியில் அவன் மனதுக்குள் என்ன ஓடியது? வெட்கமா, பயமா, இல்லை ஒன்றுமே இல்லையா? அது தெரியாமல் அடுத்த வரி நகரவில்லை. அவனிடமே கேட்கலாம் என்றால், அவன் வீட்டுத் திண்ணையில் எனக்கு இடமில்லை.

சாதியை எழுதிப் பழகிய தோழர்களிடம் கேட்கிறேன்: நம்மை ஒதுக்கியவனின் மனதுக்குள் போய் எழுதுவது அவனை மன்னிப்பதாகிவிடுமா? என்னைப் போல ஓய்வுபெற்றுச் சேரிகளில் இருக்கும் படைவீரர்களையும் கேட்கிறேன்: உங்களுக்கும் ஒரு 'அடுத்த பஸ்' இருந்திருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

என்னிடம் இருபது பக்கம் இருக்கிறது. உட்கார்ந்து படித்து, அடித்துத் திருத்த யாராவது வாருங்கள். என் வீட்டுத் திண்ணையில் எல்லோருக்கும் இடமுண்டு.