அமத்து, நூர், மலையேற்று

விளக்கு என்ற சொல்லைத் தமிழில் மூன்று வேலைக்கு வைத்திருக்கிறோம். மாடத்தில் எரிவது விளக்கு. கரிபிடித்த பாத்திரத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது விளக்குவது. பல் விளக்குவதும் அதுவே. புரியாததைப் புரியவைப்பதும் விளக்குவதுதான். வீடு கூட்டும் துடைப்பத்துக்கு விளக்குமாறு என்று பெயர் வந்ததும் இந்த வழியில்தான். இருட்டோ கரியோ குழப்பமோ, எதுவானாலும் தானாகப் போகாது, கை வேலை செய்தால்தான் போகும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. விளக்கையும் நெருப்பையும் பற்றிய நம் சொற்களில் பெரும்பாலானவை இப்படி வேலையிலிருந்து பிறந்தவை. அந்த வேலைகள் நம் வீடுகளைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. கூடவே போகும் சொற்களைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

தூண்டுகோலை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் விளக்கில் திரி எரிய எரிய அதன் நுனி கருகிக் கட்டிதட்டும். சுடர் சிறுத்துப் புகையத் தொடங்கும். அப்போது ஒரு சிறு குச்சியால் கருகலைத் தட்டிவிட்டு, எண்ணெயில் ஊறிக் கிடக்கும் திரியை விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தள்ள வேண்டும். அதுதான் தூண்டுவது. அந்தக் குச்சிதான் தூண்டுகோல். அளவுக்கு மேல் தள்ளினால் சுடர் உயர்ந்து புகையும், எண்ணெயும் சீக்கிரம் தீரும். போதாமல் தள்ளினால் மறுபடி மங்கும். அடிக்கடி தூண்டத் தேவையில்லாமல் தானே எண்ணெய் இறங்கும்படி அமைத்த தொங்குவிளக்குக்குத் தூண்டாமணி விளக்கு என்று பெயர். இன்று 'என் எழுத்துக்கு அவரே தூண்டுகோல்' என்று நூல் முன்னுரையில் எழுதுகிறோம். கலவரத்தைத் தூண்டியதாக வழக்குப் பதிவு செய்கிறார்கள். இரண்டு இடத்திலும் சொல் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த அளவுக்குத் தூண்ட வேண்டும் என்று அறிந்த விரல்கள் அந்தச் சொல்லைவிட்டு விலகிவிட்டன.

பொடி வைத்துப் பேசுவதும் சுடரின் முன்னால் பிறந்த வழக்குத்தான். நகை செய்பவர் இரண்டு தங்கத் துண்டுகளைச் சேர்க்க வேண்டிய இடத்தில் பற்றாசுப் பொடியை வைப்பார். பக்கத்தில் விளக்கு எரியும். ஊதுகுழலை வாயில் வைத்துச் சுடரின் நடுவில் ஊதினால், மேல்நோக்கி எரிந்த சுடர் பக்கவாட்டில் சாய்ந்து ஊசிபோல் நீளும். அந்த நுனி பொடியின்மேல் பட்டதும் பொடி உருகி இணைப்புக்குள் ஓடிவிடும். பிறகு பார்த்தால் பொடி வைத்த இடமே தெரியாது. பேச்சில் மறைவாக ஒன்றைச் செருகி வைப்பவரைப் பொடி வைத்துப் பேசுகிறார் என்று சொன்னவர், அந்தப் பட்டறையின் எதிரில் குந்தி உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

திவாகரமும் சூடாமணி நிகண்டும் நெருப்பின் பெயர்களை ஒரே வரிசையில் அடுக்கித் தந்தன. எதுகைக்கும் மோனைக்கும் சொல் தேடிய புலவருக்கு அது பேருதவி. ஆனால் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தவளுக்கு அவை ஒன்றுக்கொன்று மாற்று ஆகா. துளிர்போல நுனி நீண்டு எரிவது கொழுந்து. எரிந்தடங்கிச் சிவந்து கிடப்பது தணல். சோளக்கதிர் சுடத் தணல்தான் வேண்டும்; கொழுந்தில் காட்டினால் மேலே கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். தணலிலிருந்து இடுக்கியால் எடுக்கும் ஒற்றைத் துண்டு கங்கு. தொடாமலே முகத்தில் அடிப்பது அனல். தெறித்து விழுவது பொறி. தீக்குச்சியை எண்ணிச் செலவழித்த காலத்தில் வரட்டித் துண்டோடு பக்கத்து வீட்டுக்குப் போய் நெருப்பு வாங்கி வருவார்கள். யார் வீட்டு நெருப்பை யார் வாங்கலாம் என்பதிலும் சாதி இருந்தது; பழைய சொல்லைச் சேகரிக்கிறவர்கள் அதையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும்.

விளக்கேற்றும் சொற்களைவிட அதை நிறுத்தும் சொற்களில்தான் நம் மக்கள் அதிக அக்கறை காட்டியிருக்கிறார்கள். 'விளக்கை அணை' என்று சொல்வதைப் பல வீடுகளில் பெரியவர்கள் இன்றும் பொறுப்பதில்லை. குளிரவை என்பார்கள், மலையேற்று என்பார்கள். தென்மாவட்டங்களில் அமத்து என்கிறார்கள். அமர்த்து என்பதன் பேச்சு வடிவம். மின்விளக்கு வந்த பிறகும் 'லைட்ட அமத்து' என்று அது சுவிட்சுக்கு மாறிக்கொண்டது. வாயால் ஊதுவது கூடவே கூடாது. திரியை எண்ணெய்க்குள் மெல்ல இழுத்துவிடுவார்கள், அல்லது ஒரு பூவால் ஒற்றுவார்கள். பிறந்தநாளன்று குழந்தை மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க, சுற்றி நின்று கை தட்டுகிற வழக்கம் நமக்கு எப்போதோ பழகிவிட்டது. இருந்தும் சில பாட்டிகள் அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். அந்த முகத்திருப்பலை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எங்களுக்கு மனமில்லை. எரிவதை நிறுத்துவதற்கும் ஒரு நயம் வேண்டும் என்று கருதியவர்கள் அவர்கள்.

யாழ்ப்பாணத்துக்குப் போனால் கணக்கு மாறும். அங்கே விளக்கைக் கொளுத்துவார்கள். தமிழ்நாட்டுக் காதுக்குக் கொளுத்துவது என்றால் குடிசைக்குத் தீ வைப்பது. அங்கே அது அந்தி நேரத்து அன்றாடக் காரியம். படுக்கப் போகுமுன் விளக்கை நூர்ப்பார்கள். கார்த்திகைத் திருநாளுக்கு அங்கே பெயர் விளக்கீடு. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மயிலாப்பூர்ப் பதிகத்தில் கார்த்திகை நாளைக் குறிக்க ஆண்ட சொல் அது. மயிலாப்பூரின் அன்றாடப் பேச்சில் இன்று அதைக் கேட்பது அரிது. கடல் தாண்டி யாழ்ப்பாணத்து முற்றங்களில் உயிரோடு இருக்கிறது.

1990இல் போரினால் மின்சாரம் நின்றுபோய், மண்ணெண்ணெய்க்கும் தடை வந்தபோது, அங்கே ஜாம் போத்தல் விளக்கு வந்தது. வெறும் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்குச் சில சொட்டு மண்ணெண்ணெய், ஒரு மெல்லிய திரி. போத்தலின் கண்ணாடியே காற்றுக்கு மறைப்பு. அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்து எழுதித் தேறிய ஒரு தலைமுறை உலகின் பல நாடுகளில் இன்று வாழ்கிறது. அவர்களுக்குச் சுடர் என்ற சொல்லும் நம்முடையதைப் போன்றதல்ல. இறுதிப்போரின் நினைவு நாளான மே 18 அன்று முள்ளிவாய்க்கால் மண்ணில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சுடரேற்றும்போது அது அலங்காரச் சொல்லாக இருக்க முடியாது.

இனி, கல்லில் எரியும் விளக்குக்கு வருவோம். சோழர் கல்வெட்டுகளைப் படிக்கிறவர்கள் நந்தா விளக்கு என்ற தொடரைத் தாண்டாமல் போக முடியாது. நொந்தா விளக்கு, நுந்தா விளக்கு என்றும் வெட்டியிருப்பார்கள். நந்துதல் என்றால் அவிதல். நந்தா விளக்கு என்றால் அவியாத விளக்கு, அணையா விளக்கு. அதே நந்துதலுக்கு வளர்தல், தழைத்தல் என்ற பொருளையும் அகராதி தருகிறது. அவிவதும் தழைப்பதும் ஒரே ஒலிக்குள் சேர்ந்து கிடக்கின்றன. ஆனால் கல்வெட்டில் கவித்துவத்துக்கு இடமில்லை, அங்கே கணக்குத்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, இல்லையேல் 48 பசு, இல்லையேல் 16 எருமை. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய், அதாவது கால் நாழி, கோயிலுக்கு அளக்க வேண்டும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை அளக்க வேண்டும். ஆடு சாகுமே, மூப்படையுமே என்றால், செத்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் காப்பது இடையர் பொறுப்பு. அப்படிப்பட்ட மந்தைக்குக் கல்வெட்டுகள் வைத்த பெயர் சாவா மூவாப் பேராடு. மழையிலும் கோடையிலும் அந்த ஆடுகளை மேய்த்து, பால் கறந்து, வெண்ணெய் எடுத்து, உருக்கி, சுமந்து வந்து அளந்த கைகள் தலைமுறை தலைமுறையாக நின்றதால்தான் கருவறையில் சுடர் நின்றது.

வேட்டையில் குறிதவறிய அம்பு ஒருவன்மேல் பட்டு அவன் இறந்துபோனால், ஊர் கூடி விசாரித்து, எய்தவனின் உயிரைக் கேட்காமல், கோயிலில் விளக்கு எரிக்கச் சொன்ன கல்வெட்டுகளும் சோழர் காலத்தவை உண்டு. போன உயிருக்கு ஈடாக ஒரு சுடர். அதை எரியவைக்க எய்தவன் தன் கால்நடையைக் கொடுக்க வேண்டும். தண்டனை என்ற சொல்லை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்கு இந்தக் கல்வெட்டுகள் நினைவுக்கு வருகின்றன.

பல நூற்றாண்டுகள் கழித்து வடலூரில் இராமலிங்க வள்ளலார் அந்த 'அணையா' என்ற அடைமொழியை விளக்கிலிருந்து எடுத்து அடுப்புக்குத் தந்தார். 1867 மே 23 அன்று தருமசாலையில் மூட்டிய அடுப்பு அணையா அடுப்பு எனப்படுகிறது. பசித்து வந்தவருக்கு அங்கே இன்றும் சோறு வேகிறது. சுடரைப் பற்றித் தமிழில் நடந்த சொல்மாற்றங்களில் இதைவிடப் பெரியது ஒன்றை நாங்கள் அறியோம்.

இப்போது நம் காலத்து எழுத்துக்கு வருவோம். எங்களுக்கு வரும் கவிதைகளில் மெழுகுவர்த்தி நிறைய உருகுகிறது. ஆசிரியர் உருகுகிறார், அம்மா உருகுகிறாள், காதலன் உருகுகிறான். தீபம் ஒளிர்கிறது, சுடர் ஒளிர்கிறது, அகலும் ஒளிர்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வினை. திரி கருகுவதில்லை, எண்ணெய் வற்றுவதில்லை, காற்றில் சுடர் படபடப்பதில்லை, எண்ணெய் தீரும் தறுவாயில் 'முணுக் முணுக்' என்று எரிவதில்லை. உருகும் மெழுகுவர்த்தியை எழுதுகிறவர் கல்லறைத் திருநாளான நவம்பர் 2ஆம் தேதி மாலை ஏதாவது ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். காற்றடிக்கும் பக்கம் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தபடி, அவிந்த மெழுகுதிரியைப் பக்கத்துக் கல்லறையின் சுடரில் பற்றவைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் அவருக்கு வேறு வினைச்சொற்கள் கிடைக்கும். பார்த்து எழுதாத உவமை எவ்வளவு பழகியதானாலும் எங்கள் இதழில் அதற்கு இடம் தர விருப்பமில்லை.

இப்படிப்பட்ட சொற்களைத் தேடி அகராதிகளுக்குப் போவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இலக்கியச் சொற்களுக்கு அது பெரும் களஞ்சியம். வாய்ச்சொற்களை அது முழுக்க வாரிக்கொள்ளவில்லை. அந்தக் குறையைக் கண்டு, எந்த நிறுவனத்துக்கும் காத்திராமல் கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி 1982இல் வந்தது. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வந்தது. இரண்டும் எழுத்தாளர்கள் முன்கை எடுத்துச் செய்தவை. வாசகர்களும் இதைச் செய்ய முடியும்.

அடுத்த இதழில் எட்டுப் பக்கங்களை விளக்கு, நெருப்புச் சொற்களுக்கு ஒதுக்குகிறோம். காடா விளக்கு, சிமினி, ராந்தல், அரிக்கேன், பெட்ரோமாக்ஸ் எதுவானாலும் சரி. அதன் உறுப்புகளுக்கும் பழுதுகளுக்கும் உங்கள் ஊரில் வழங்கிய பெயர்களை எழுதி அனுப்புங்கள். சூளை போடுகிறவர், பட்டறை வைத்திருப்பவர், படகில் விளக்கோடு போனவர், கோயிலுக்குத் திரி திரித்துக் கொடுத்தவர், இவர்களிடம் கேளுங்கள். சொல்லை மட்டும் எழுத வேண்டாம். எந்த ஊர், என்ன வேலை நடக்கும்போது சொல்வார்கள், அதை வைத்து அவர்கள் பேசும் ஒரு முழு வாக்கியம், இவ்வளவும் வேண்டும். எழுத்து வழக்குக்கு மாற்றாமல், சொன்னபடியே எழுதுங்கள். அஞ்சலட்டை போதும். கேட்க வேண்டியவர்கள் எழுபதும் எண்பதும் தாண்டியவர்கள் என்பதால், கடிதத்தை இந்த மாதத்திலேயே போட்டுவிடுங்கள்.