மணலில் புதையும் சக்கரங்கள்

"முதலில் சோறு, மருந்து, கல்வி, விளையாட்டெல்லாம் பிறகு" – மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நல்லவர்கள் வாயிலிருந்தே பிறக்கும் தீர்ப்பு இது. இதை நாம் ஏற்பதற்கில்லை. நடக்க முடிந்த சிறுவனுக்கு இப்படி யாரும் வரிசை வகுப்பதில்லை. அரை வயிற்றோடும் அவன் தெருவில் பந்து உதைக்கிறான், எவரும் தடுப்பதில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவனிடம் மட்டும் மகிழ்ச்சிக்குத் தவணை சொல்கிறோம்.

சென்னை மெரினாவில் என்ன நடந்தது? டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டி அங்கே சில ஆண்டுகள் தற்காலிகப் பாதை விரித்தார்கள். நாள் கழிந்ததும் எடுத்துவிட்டார்கள். மற்ற நாள்களில் கடல் அவர்களுக்குத் தொலைவில் கேட்கும் ஓசைதான். நிரந்தரப் பாதை கேட்டு மாற்றுத்திறனாளிகளே விடாது போராடியதன் பயனாக, 2022 நவம்பர் 27-இல் 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 1.14 கோடி ரூபாய். இரு வாரம் ஆகுமுன் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. அப்படியானால் அது வீண் செலவுதானே என்பார் உண்டு. புயலில் சாலை அரிக்கப்பட்டால் சாலையே வீண் என்று சொல்கிறோமா? செப்பனிடுகிறோம். மரப்பாதையும் அவ்வாறே செப்பனிடப்பட்டது.

தலைநகரின் கதை நமக்கெதற்கு என்று பெரியதாழையில் இருந்துகொண்டு நாம் சொல்லிவிட முடியாது. முத்துக்குளித்துறைக் கரையில் சங்கு குளிக்கச் சென்று, கால்கள் உணர்விழந்து திரும்பியவர்கள் உண்டு. ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விரைந்து மேலேறினால், உடலில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகித் தண்டுவடத்தைத் தாக்கும். கடலை நம்பி வாழ்ந்து, கடலிலேயே கால்களின் வலுவை இழந்தவன், அதே கடலோரத்தில் ஒரு மாலைப்பொழுது காற்று வாங்கவும் வழியில்லாமல் சக்கரம் மணலில் புதைய நிற்பது நமக்கு உறுத்தவில்லையா? அலை அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டுப் போராடியது நம் ஊர். கடலுக்குள் பாறைகளை அடுக்கச் சொல்லிக் கேட்கத் தெரிந்த நமக்கு, மணல்மேல் ஒரு பாதை கேட்கத் தெரியாதா?

"தூக்கிச் செல்ல இளைஞர்கள் இருக்கிறார்களே!" என்பர் சிலர். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் தூக்கிச் செல்லப்படுகிறவன், தூக்குகிறவருக்கு நேரம் வாய்த்தபோது வந்து, அவர் அழைக்கும்போது திரும்பியாக வேண்டும். நினைத்தபோது போகவும் விரும்பும்வரை இருக்கவும் முடிவதல்லவா உரிமை?

நகரத்து வீடியோ விளையாட்டுக் கூடங்களையும் பாருங்கள். வாசலில் படிகள், இயந்திரங்களுக்கிடையே நாற்காலி நுழையாத நெருக்கம், தரையோடு முடுக்கிய இருக்கை, நின்று ஆடுவோர் உயரத்தில் பொத்தான்கள். கண்ணும் விரலும் போதுமான ஆட்டத்தில் ஒரு சிறுவனைத் தோற்கடிப்பது அவன் கால்கள் அல்ல, கட்டியவரின் கவனமின்மையே. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம், அகன்ற இடைவழி, கழற்றி வைக்கக்கூடிய இருக்கை – இவை எட்டாக்கனிகளா?

சட்டமும் இதையே சொல்கிறது. 2007-இல் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு, பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் சம பங்கேற்பை வலியுறுத்துகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவையாளரையும் கட்டுப்படுத்துகிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாய் நிற்கலாகாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

சட்டம் தில்லியிலிருந்து நடந்து வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த திருவிழாவில் ராட்டினத்துக்கும் விளையாட்டுக் கடைகளுக்கும் இடம் ஒதுக்கும்போது, சாய்தளமும் கெட்டியான நடைபாதையும் இருந்தால்தான் அனுமதி என்று ஊர் கூடி விதி வகுப்போம். இதற்கு எந்த அமைச்சரும் வந்து நாடா வெட்ட வேண்டியதில்லை.