நின்றால் கொதிக்கிறது

வளசரவாக்கத்திலிருந்து வடபழனிக்கு நாலு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை தொடங்கிய பிறகு அந்த நாலு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முழங்கால் ஆபரேஷன் முடிந்த அப்பாவை வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்கு அந்த வழியாகத்தான் அழைத்துப் போகிறேன். கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம், தகரத் தடுப்புகளுக்கு நடுவே வண்டி நகராமல் நின்றபோது மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஏசியை அணைத்தேன். கண்ணாடிகளை இறக்கினேன். எப்போதோ கேட்டது நினைவுக்கு வந்து, ஹீட்டரை முழுசாகத் திருப்பி ப்ளோயரை வேகமாக வைத்தேன். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை ஹீட்டர் வழியாக வெளியே இழுத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த அனல் நேரே போய் விழுந்தது அப்பாவின் கட்டுப் போட்ட முழங்கால் மேல். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தபடியே இருந்தார்.

விருகம்பாக்கம் தாண்டி சாலை கொஞ்சம் திறந்தது. ஓடத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் விளக்கு அணைந்துவிட்டது.

நின்றால் கொதிக்கிறது, ஓடினால் ஆறிவிடுகிறது. அடுத்த ஐந்து வாரம் நான் ஏறி இறங்கிய ஒவ்வொரு பட்டறையிலும் இதைத்தான் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். காதில் வாங்கியவர் யாரும் இல்லை.

முதல் பட்டறையில் பானட்டைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. "தெர்மோஸ்டாட்தான் மேடம். நம்ம ஊரு வெயிலுக்கு அதெல்லாம் எதுக்கு, எடுத்து விட்டுடலாம்" என்றார்கள். எடுத்தே விட்டார்கள். கூலண்டையும் வடித்துவிட்டு போர் தண்ணீரை ஊற்றி அனுப்பினார்கள். எங்கள் பகுதித் தண்ணீரில் வாளி ஒரு மாதத்தில் வெள்ளை பூத்துவிடும். அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் போய்ப் படிவதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. குளிர்நாட்டில் உறையாமல் இருப்பதற்காக மட்டும் ஊற்றுவதல்ல கூலண்ட். துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. பாதிக்குப் பாதி கலந்து, மூடியின் அழுத்தமும் சரியாக இருந்தால் 125 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் தாங்கும். தெர்மோஸ்டாட்டும் வெயிலுக்குத் தேவையில்லாத சாமான் இல்லை. எஞ்சின் சீக்கிரம் சூடேறி, ஏறத்தாழ 90 டிகிரியில் நிலையாக நிற்பதற்காக வைத்தது. அது இல்லாவிட்டால், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும். இவ்வளவு செய்தும் அடுத்த புதன்கிழமை அதே தகரத் தடுப்புக்கு நடுவில் அதே சிவப்பு விளக்கு.

இரண்டாவது பட்டறையில் வாட்டர் பம்பை மாற்றினார்கள். நான் விவரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "சாரை ஒருதடவை வரச் சொல்லுங்க மேடம், நேர்ல பேசிக்கிறோம்" என்றார் முதலாளி. வண்டி ஓட்டுவது நான். முள் இல்லாத மீட்டரை ஒரு நாளைக்கு நூறு தடவை பார்ப்பது நான். எந்த சிக்னலில், எத்தனை நிமிடம் நின்றால் விளக்கு எரிகிறது என்று எனக்குத் தெரியும். இதில் எதுவுமே தெரியாத என் கணவர் வந்து என்ன பேசுவார்?

முள் என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். அப்பா வைத்திருந்த பழைய காரில் டெம்பரேச்சர் முள் இருந்தது. பாதியைத் தாண்டி ஏறினால் ஓரமாக நிறுத்திவிடுவார். இப்போது பல சின்ன கார்களில் அந்த முள்ளையே எடுத்துவிட்டார்கள். குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, எல்லை மீறினால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றும் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்று எச்சரிக்க யாருமில்லை. அலுமினிய ஹெட் வளைந்துபோகிற அளவு சூட்டுக்கு நெருங்கிய பிறகுதான் சொல்கிறது. உள்ளே சென்சார் ஒவ்வொரு டிகிரியையும் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஓட்டுகிறவருக்குக் காட்டத்தான் மனமில்லை.

மூன்றாவது இடத்தில் பயமுறுத்தியே விட்டார்கள். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். கழட்டிப் பார்த்தாத்தான் தெரியும். ஃபேஸிங் எல்லாம் சேர்த்து 22,000 ஆகும்." நான் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். ஆயிலில் தண்ணீர் கலந்து பால் விட்ட காபி நிறத்துக்கு மாறவில்லை. ரிசர்வ் டேங்கில் குமிழி வரவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. கேஸ்கெட் போன எஞ்சின் ஓடும்போது மட்டும் எப்படி ஆறும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அங்கிருந்த பையன் ஒருவன் மட்டும், ஃபேனை இக்னிஷனோடு டைரக்டாகக் கொடுத்துவிடலாம், எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் என்றான். ஃபேன் என்ற சொல் அன்றுதான் முதல்முறையாக ஒரு பட்டறையில் காதில் விழுந்தது. ஆனால் அது ஓடுகிறதா என்று அவனும் பார்க்கவில்லை.

ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று போதும், ரேடியேட்டர் ஆறிவிடும். நின்ற வண்டிக்கு அந்தக் காற்று கிடையாது. அப்போது ரேடியேட்டருக்குக் காற்று கொடுப்பது அதோடு சேர்த்துப் பொருத்திய மின்விசிறி ஒன்றுதான். நெடுஞ்சாலையில், மேட்டில் சூடேறுகிற வண்டியென்றால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப் என்று தேடிப் போகட்டும். நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஃபேனை. இது பெரிய படிப்பு இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். அந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான் யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. பார்ட்டை மாற்றினால் பில் போடலாம், நின்று பார்த்ததற்குப் பில் போட முடியாது என்பதாலா?

கடைசியில் சாலிகிராமத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். பேட்டரிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "ஏசி போட்டா ஃபேன் ஓடுதாம்மா?"

ஐந்து வாரத்தில் என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஏசி போட்டால் சூடு எவ்வளவு என்று பார்க்காமலே ஃபேன் ஓட வேண்டும். போட்டோம், ஓடவில்லை. அதனால் சென்சார் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபேனின் ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே மாதிரி என்பதால் இடம் மாற்றிப் பார்த்தார். அப்போதும் ஓடவில்லை. மோட்டாரின் பிளக்கைக் கழற்றி டெஸ்ட் லேம்பை வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வாசல்வரை வருகிறது. பிளக்கைத் திரும்ப மாட்டி, திருப்புளியின் பிடியால் மோட்டாரை லேசாக ரெண்டு தட்டு தட்டினார். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. "கார்பன் தேஞ்சிருச்சும்மா. சில நேரம் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது." மொத்தமே இருபது நிமிடம்.

அப்போதுதான் இன்னொன்றும் விளங்கியது. மார்ச் மாதத்திலிருந்தே சிக்னலில் நின்றால் ஏசியில் வெதுவெதுப்பான காற்று வந்தது, ஓடினால் சில்லென்று ஆகிவிடும். ஏசி கடையில் கேஸ் குறைவு என்று சொல்லி 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு நிரப்பினார்கள். ஏசியின் கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால் அதே ஃபேனின் காற்றை நம்பித்தான் இருக்கிறது. எஞ்சின் கொதிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அந்த மோட்டார் தன் நிலையைச் சொல்லிவிட்டது. அன்றும் நான் அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன்: நின்றால் ஒரு மாதிரி, ஓடினால் ஒரு மாதிரி.

புது மோட்டார் போட்டாயிற்று. சிக்னலில் நிற்கும்போது ஃபேன் சீறிக் கிளம்புவதும் கொஞ்ச நேரத்தில் அடங்குவதும் கேட்கிறது. உப்புத் தண்ணீரை வடித்து, ரேடியேட்டரைக் கழுவி, கூலண்ட் ஊற்றியாயிற்று. ஆனால் மைலேஜ் இன்னும் ஏறவில்லை, தெர்மோஸ்டாட் இல்லாமல்தான் வண்டி ஓடுகிறது. முதல் பட்டறைக்குப் போய், கழற்றிய சாமானைக் கொடுங்கள் என்று கேட்டேன். "அதை அப்பவே தூக்கிப் போட்டாச்சே மேடம்" என்றார்கள். பில்லை எடுத்துக் காட்டினேன். தெர்மோஸ்டாட்டை எடுத்ததாக அதில் ஒரு வார்த்தை இல்லை. 'லேபர் 900' என்று மட்டும் எழுதியிருந்தது.