ஒழுங்குபடுத்துறது ஆர்?

கொஞ்ச நாளாகப் போர்த்துக்கேய மொழி படிக்கிறேன். "அதைப் படிச்சு என்ன செய்யப் போறாய்?" எண்டு வீட்டில் கேட்டார்கள். நல்ல பதில் ஒன்றும் என்னிடம் இல்லை. ஆனால் நாங்கள் எல்லாருமே கொஞ்சம் போர்த்துக்கேயம் பேசுகிற ஆட்கள்தான். அலுமாரி, மேசை, கதிரை, குசினி, துவாய், சப்பாத்து எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள்.

அந்தச் சாமான்களை அதனதன் இடத்தில் வைப்பதற்கு அவர்களிடம் ஒரு அன்றாடத் தொடர் இருக்கிறது: 'அர்ருமார் ஆ காஸ'. பிரேசில்காரர் வாயில் அது 'அஹுமார்'. வீட்டை ஒழுங்குபடுத்துவது எண்டு பொருள். பாடத்தில் எனக்கு வந்த உதாரணம், 'எலா அர்ரூமா ஆ காஸ'. அவள் வீட்டை ஒழுங்குபடுத்துகிறாள். சும்மா ஒரு வசனம்தானே எண்டு கடந்துபோயிருப்பேன். அந்த வினைச்சொல்லின் குடும்பத்தைத் தேடிப் பார்த்ததுதான் வினையாகிவிட்டது.

'அர்ருமார்' பல வேலை செய்கிற சொல். பயணப் பையை அடுக்குவதும் அதுதான், வெளிக்கிடுவதும் அதுதான். பிரேசிலில் வேலை தேடி எடுப்பதற்கும், காதலன் பிடிப்பதற்கும், வீண் சண்டை இழுப்பதற்கும்கூட அதைத்தான் சொல்வார்கள். இதிலிருந்து 'அர்ருமதெய்ரா' எண்டு ஒரு பெண்பாற் சொல் வருகிறது. வீட்டிலோ ஹோட்டலிலோ அறைகளைத் துப்புரவாக்குகிற பெண். ஆண்பாலில் 'அர்ருமதோர்' எண்டால் போர்த்துக்கலில் ஆளே வேறு: தெருவோரம் நிண்டு, கார் விட இடம் காட்டி, சில்லறை வாங்குகிறவர். ஆண் எண்டதும் அதே வேலை வீட்டுக்கு வெளியே வந்துவிட்டது!

இது அகராதிப் பகிடி மட்டும் இல்லை. பிரேசிலில் சம்பளத்துக்கு வீட்டுவேலை செய்பவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள், அதிலும் கறுப்பினப் பெண்களே கூட. 1988ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மற்றத் தொழிலாளருக்குக் கொடுத்த பல உரிமைகளை இவர்களுக்குக் கொடுக்கவில்லை. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 44 மணித்தியாலம் எண்ட எல்லையே 2013இல் வந்த 72ஆவது திருத்தத்தோடுதான் இவர்களுக்குக் கிடைத்தது. அதுவரை அந்த வீடுகள் எத்தனை மணித்தியால உழைப்பில் ஒழுங்காகின எண்டு சட்டம் கேட்கவில்லை.

அரசியல்வாதிகளுக்கும் இந்தத் தொடரில் நல்ல விருப்பம். ஆட்சிக்கு வந்தவுடன் 'முதலில் வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும்' எண்டு சொல்வார்கள். கடன், வரி, செலவுக் குறைப்பு எண்டு நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். 2011இல் போர்த்துக்கல் 78 பில்லியன் யூரோ கடனுதவிக்கு உடன்பட்டது. அடுத்த வருடமே அரச ஊழியர், ஓய்வூதியக்காரர் பலரின் விடுமுறைக் கொடுப்பனவும் நத்தார் கொடுப்பனவும் நிறுத்தப்பட்டன. அந்த வெட்டு சமத்துவத்துக்கு முரண் எண்டு அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே பிறகு தீர்ப்புச் சொன்னது. வீட்டைக் குழப்பினவர்கள் ஒரு பக்கம், கூட்டித் துடைத்தவர்கள் இன்னொரு பக்கம். 2022ஐக் கண்ட எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒழுங்கு வேண்டாம் எண்டு நான் சொல்லவில்லை. குப்பைக்குள் இருந்து ஆராலும் படிக்க ஏலாது, கடனுக்குள் இருந்து ஒரு நாடும் நிமிர ஏலாது. எனக்குப் பிரச்சினை அந்தத் தொடரின் இலக்கணத்தில்தான். 'அர்ருமார்' எண்ட வடிவத்தில் ஆள் இல்லை. எங்களுடைய 'ஒழுங்குபடுத்த வேண்டும்' என்பதிலும் இல்லை. ஆர் செய்வது, எவ்வளவு நேரம் செய்வது, சம்பளம் உண்டா எண்ட கேள்விகள் எல்லாம் அந்த இடைவெளிக்குள் போய் மறைந்துவிடுகின்றன. ஆகவே, மேடையிலோ வீட்டிலோ ஆராவது அப்படிச் சொன்னால், முதலில் எழுவாயைக் கேட்போம்.

ஒரு விசயம். 'எலா'வை 'எலெ' ஆக்கி, அவளை அவனாக மாற்றினாலும் போர்த்துக்கேயத்தில் வினை மாறாது. 'எலெ அர்ரூமா ஆ காஸ'. ஒரு எழுத்தும் கூடாது, குறையாது. அதைக் கொப்பியில் பத்துத் தரம் எழுதிப் பழகினேன். நான் எழுதிக்கொண்டிருந்த நேரம், என்ர அலுமாரியை அம்மா அடுக்கிக்கொண்டு நிண்டா.